வயர் யார் கையில்?

தமிழ் டெலிவிஷனின் கதையை யாராவது உட்கார்ந்து எழுதினால், 2007-ம் வருஷத்துக்கு மட்டும் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும். அந்த வருஷம் என்ன நடந்தது என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். 'கலைஞர் குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் சண்டை வந்ததே, அதானே?' என்று டக்கென்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அதை ஒரு குடும்பச் சண்டையாக மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறோம் பாருங்கள், அங்கேதான் நாம் ஏமாந்தோம். மெகா சீரியல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எல்லாமே பங்காளிக் கதையாகத்தான் தெரியும்.

பங்காளிச் சண்டை என்றால் நடுவில் ஒரு சொத்து இருக்க வேண்டுமே? இந்தச் சண்டையில் சொத்து எது? உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழையும் கேபிள் வயர். அந்த வயருக்கு மாதா மாதம் காசு கட்டியவர் யார்? நீங்கள். உங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அந்த வருஷத்தைத் தேதி வாரியாக ஒரு தடவை பார்த்துவிடலாம்.

மே 9. கலைஞரின் அரசியல் வாரிசு யார் என்று ஏ.சி.நீல்சன் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பை 'தினகரன்' வெளியிட்டது. மு.க.ஸ்டாலினுக்கு 70 சதவிகிதம், மு.க.அழகிரிக்கு 2 சதவிகிதம் என்று போட்டார்கள். அன்றைக்கே மதுரை தினகரன் அலுவலகத்தில் பெட்ரோல் குண்டு விழுந்தது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த மூன்று ஊழியர்கள் செத்துப் போனார்கள். மே 13-ல் தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். சன் டி.வி.யின் முகவரியாக வெகு காலம் இருந்தது தி.மு.க. தலைமையகமான அண்ணா அறிவாலயம். செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, அதே அறிவாலயத்தை முகவரியாகக் கொண்டு கலைஞர் டி.வி. பிறந்தது. அக்டோபர் 4-ல் 'தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கார்ப்பரேஷன்' என்று ஒரு அரசு நிறுவனம் பதிவானது. வருஷக் கடைசியில் சன் குழுமத்தின் டி.டி.ஹெச். சேவையான சன் டைரக்ட் வந்தது. 

மே மாதம் சண்டை. டிசம்பருக்குள் ஒரு புது சேனல், ஒரு அரசு கம்பெனி, ஒரு புது டிஷ். தமிழ்நாட்டில் ஒரு வாய்க்கால் தூர்வார இந்த வேகம் வருமா, சொல்லுங்கள்.

சேனல் ஆரம்பித்தால் சேனலை மட்டும் நடத்த வேண்டியதுதானே? அதே கையோடு அரசாங்கம் எதற்குக் கேபிள் கம்பெனி ஆரம்பிக்க வேண்டும்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. கடை திறந்தால் மட்டும் போதாது, கடைக்குப் போகிற தெருவும் நம் கையில் இருக்க வேண்டும். அந்தத் தெரு அப்போது பெரும்பாலும் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் கையில் இருந்தது.

இன்றைய பிள்ளைகளுக்கு இது புரியாது. அப்போது பெரும்பாலான வீடுகளில் செட்டாப் பாக்ஸ் கிடையாது. ஒரு வயரில் இத்தனை சேனல்தான் போகும் என்று அளவு உண்டு. பழைய பெட்டிகளில் முன்வரிசை எண்களில் வருகிற சேனல்தான் பளிச்சென்று தெரியும். பின்னால் போகப் போக புள்ளி புள்ளியாய், ஆவி அலைகிற மாதிரி வரும். ஆக, எந்த சேனலை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று தீர்மானிக்கிறவன்தான் ராஜா. 'எங்கள் சேனலை வேண்டுமென்றே மங்கலாகக் காட்டுகிறார்கள்' என்ற புகார் அந்தக் காலத்தில் ஓயாமல் கேட்டது. நல்ல இடத்தில் உட்கார சேனல்கள் கேபிள் நிறுவனங்களுக்குக் 'கேரேஜ் ஃபீஸ்' வேறு கட்டின. பார்க்கிறவரிடமும் காசு, காட்டுகிறவரிடமும் காசு!

இன்னொரு வேடிக்கையையும் மறக்கக் கூடாது. 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு கேபிள் நெட்வொர்க்குகளை அரசே எடுத்துக்கொள்ள ஒரு மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. 'ஐயோ, ஜனநாயகப் படுகொலை' என்று தி.மு.க. எதிர்த்தது. ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவில்லை. அடுத்த வருஷமே, அதே தி.மு.க. ஆட்சிதான் அரசு கேபிளை ஆரம்பித்தது. அரசு கேபிள் கூடாது என்பதும் கொள்கை, வேண்டும் என்பதும் கொள்கை. வீட்டுக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் கொள்கை மாறும்.

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று-வரவு போட்டுப் பார்க்கிற புத்தி போகாது. போட்டுப் பார்ப்போமே.

முதல் பற்று, பெட்டி. 2006 தேர்தலில் கொடுத்த வாக்குறுதிப்படி வீடு வீடாக இலவச கலர் டி.வி. வந்தது. 14 இன்ச். ஐந்து வருஷத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள், மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இலவசம் என்று பெயர். காசு உங்கள் வரிப்பணம். நீங்கள் தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் கட்டுகிற வரி. பெட்டி ஓசி, ஆனால் அதில் படம் தெரிய வேண்டுமானால் கேபிள் வேண்டும். அதற்கு மாதா மாதம் நூறோ நூற்றைம்பதோ உங்கள் பாக்கெட்டிலிருந்து. இது இரண்டாவது பற்று. மூன்றாவது பற்றுதான் பெரிசு. உங்கள் நேரம். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் போடக் கூடாது என்று விதியில் எழுதியிருந்தது. எழுதியிருந்ததோடு சரி. கதாநாயகி கண்ணைத் துடைப்பதற்குள் நான்கு சோப்பு, இரண்டு நகைக்கடை வந்துவிடும்.

இப்போது வரவுப் பக்கம் வாருங்கள். 2006 ஏப்ரலில் சன் டி.வி. பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 875 ரூபாய். அந்த ஒரு பங்கை வாங்கியவருக்கு வருஷா வருஷம் ஆண்டறிக்கை உண்டு. பொதுக்குழுவில் எழுந்து நின்று, 'ஏன் சார் இந்தச் செலவு?' என்று கேட்கும் உரிமை உண்டு. வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேபிளுக்குக் கட்டினாரே, அவருக்கு என்ன உண்டு? ரசீது கூடக் கிடையாது. சுவரில் பென்சிலால் ஒரு டிக்.

எங்கள் வடகரைப் பக்கம் வந்து பாருங்கள். மேற்கே மலை, கீழே வயல், தோப்பு. பண்பொழியிலும் அச்சன்புதூரிலும் மேக்கரையிலும் இதே கதைதான். யானை இறங்கி ராத்திரியோடு ராத்திரியாகத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகும். நாலைந்து வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். விடிந்து பார்த்தால் வேரோடு கிடக்கும். டி.வி.யில் அது எவ்வளவு நேரம் வரும்? கீழே ஓடுகிற எழுத்தில் ஒரு வரி வந்தால் புண்ணியம். ஆனால், 'குற்றாலம் மெயின் அருவியில் குளிக்கத் தடை' என்பது மட்டும் எல்லா சேனலிலும் வந்துவிடும். ஏனென்றால் அது சென்னைக்காரருக்கு வேண்டிய செய்தி. சீசனுக்குக் கிளம்பலாமா, வேண்டாமா என்று அவர் முடிவு பண்ண வேண்டுமே! 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிர் போனபோதுதான் எல்லா கேமராவும் இந்தப் பக்கம் திரும்பியது. வெள்ளம் வடிந்தது, கேமராவும் போனது.

இது சென்னைக்காரர்களின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு அப்படி. 2007-ல் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளந்தது 'டாம்' என்ற நிறுவனம். டி.ஆர்.பி., டி.ஆர்.பி. என்று உயிரை விட்டார்களே, அந்தக் கணக்கு. அதற்கான மீட்டர் பெட்டி முக்கியமாக நகரத்து வீடுகளில்தான் இருந்தது. கிராமத்து வீட்டையும் கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது 'பார்க்' என்ற அடுத்த அமைப்பு, அதுவும் 2015-ல்தான். யோசித்துப் பாருங்கள். வரிப்பணத்தில் கிராமத்துக்குப் பெட்டி கொடுத்தார்கள். கேபிள் காசு வசூலித்தார்கள். ஆனால் கிராமத்தில் உட்கார்ந்து பார்த்தவர், பார்த்தவர் கணக்கில் இல்லை. காசு கட்டும்போது மட்டும் நாம் இருந்தோம்.

சரி, 2007 முடிந்து போன கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்கிறீர்களா? முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2008-ல் அரசு கேபிள் தஞ்சாவூரில் ஒளிபரப்பை ஆரம்பித்தது. நம் திருநெல்வேலி உள்பட வேறு சில ஊர்களிலும் கட்டுப்பாட்டு நிலையம் வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. 'கண்கள் பனித்தன, இதயம் இனித்தது' என்றார் கலைஞர். சந்தோஷம். யார் குடும்பம் சேர்ந்தாலும் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் இதயம் இனித்த மறு நிமிஷமே அரசு கேபிள் ஏன் படுத்துக்கொண்டது? மக்கள் பணத்தில் வாங்கிய கருவிகள் ஏன் தூசி படிந்தன? அந்த நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். ஏன் மாற்றப்பட்டார்? மக்களுக்காக ஆரம்பித்த கம்பெனி என்றால், இரண்டு வீட்டார் ராசியானதும் அதற்கு வேலையில்லாமல் போகுமா?

செத்துப் போன அந்த மூன்று பேர்? சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். 2009 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரும் விடுதலை. பிறகு மேல்முறையீட்டில், 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷமும் அந்தக் குடும்பங்களுக்கு எந்தக் கண் பனித்தது?

2011-ல் ஆட்சி மாறியது. செப்டம்பர் 2-ம் தேதி ஜெயலலிதா அரசு கேபிளைத் தூசி தட்டி எழுப்பினார். மாதம் 70 ரூபாய், 90 சேனல். ஆபரேட்டருக்கு 50, அரசு கேபிளுக்கு 20. நியாயமான விலை, மறுக்க மாட்டேன். வடகரையில் பீடி சுற்றுகிற அம்மாவுக்கு மாதம் ஐம்பது அறுபது மிச்சம் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஆரம்பித்த அன்று அதில் சன் குழும சேனல்கள் இல்லை. நேற்று வரை ஒருவர் கையில் இருந்த ஸ்விட்ச் இன்று இன்னொருவர் கையில். வீட்டில் சீரியல் தெரியாமல் கேபிள்காரரைத் திட்டினார்கள். அவர் என்ன செய்வார்? 'நான் வயர் இழுக்குறவந்தான அண்ணாச்சி, மேல என்ன வருதோ அதத்தான குடுக்க முடியும்?' என்பார். ஆடிக் காத்தில் மரம் விழுந்தால் வயரை ஒட்டப் போஸ்ட்டில் ஏறுகிறவர் அவர். வசவு வாங்குகிறவரும் அவர்.

அதற்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. 2018-ல் கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காக 'புதிய தலைமுறை' மீது வழக்குப் பாய்ந்தது. அதோடு அரசு கேபிளில் அந்த சேனல் பின்வரிசை எண்ணுக்குத் தள்ளப்பட்டது. ஆட்சி மாறியது. 2025 அக்டோபரில், கரூர் நெரிசல் சாவுகளுக்குப் பிந்தைய நாட்களில், அதே சேனல் அரசு கேபிளில் தெரியவில்லை என்று பத்திரிகையாளர் அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. கவனியுங்கள்: முன்னது அ.தி.மு.க. காலம், பின்னது தி.மு.க. காலம். இரண்டு கட்சிக்கும் ஒத்துப்போகிற கொள்கை ஒன்று கூட இல்லை என்று யார் சொன்னது? கேபிள் கொள்கை ஒன்றுதான்.

'அரசாங்கம் கேபிள் தொழிலில் இருக்கக் கூடாது' என்று டிராய் 2008-லும் 2012-லும் சொல்லிவிட்டது. அரசியல் கட்சிகளும் கூடாது என்றது. மத்திய அரசு 2022 அக்டோபரில் மாநில அரசுகளுக்கு ஒரு அறிவுரை அனுப்பியது, 2023 டிசம்பருக்குள் விலகிவிடுங்கள் என்று. ஒளிபரப்ப வேண்டியதை பிரசார் பாரதியிடம் கொடுங்களாம். அதாவது சென்னையில் இருக்கும் ஸ்விட்சை டில்லிக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். கொடைக்கானல் டவரைப் பார்த்து ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி நாம் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் அந்த ஸ்விட்ச் டில்லியில்தானே இருந்தது? அப்போது நடந்த கூத்தையும் பார்த்தோமே!

அலைவரிசை என்பது பொதுச் சொத்து, அரசாங்கத்தின் சொத்தும் இல்லை, தனியாரின் சொத்தும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பு சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு அது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பொதுச் சொத்து என்றால் பொதுமக்கள் கணக்குக் கேட்கலாம்தானே?

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அயர்லாந்து. தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஜனத்தொகை கிடையாது. அங்கே ஆர்.டி.ஈ. என்று ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனம். டி.வி. வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் வருஷத்துக்கு 160 யூரோ லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 2023 ஜூனில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்த நிறுவனம் தன் நட்சத்திரத் தொகுப்பாளர் ரையன் டப்ரிடிக்கு, வெளியில் சொன்ன சம்பளத்தைவிட ஆறு வருஷத்தில் 3,45,000 யூரோ அதிகமாகக் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் ஊழல் கணக்குக்கு அது பொரிகடலைக் காசு. ஆனால் நாடே கொதித்தது. நாடாளுமன்றக் குழு நிறுவன அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. அதை ஜனங்கள் டி.வி.யிலேயே பார்த்தார்கள். தலைமை அதிகாரி ராஜினாமா செய்தார். டப்ரிடியின் நிகழ்ச்சி போயிற்று. 'நீ ஒழுங்காகக் கணக்குக் காட்டாத வரைக்கும் நான் கட்ட மாட்டேன்' என்று ஏராளமான பேர் லைசென்ஸ் கட்டணத்தையே நிறுத்தினார்கள்.

ஐரிஷ்காரர்கள் நம்மைவிட யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் திருட்டுத்தனம் நடந்ததால்தானே செய்தி! வித்தியாசம் ஒன்றுதான். காசு கட்டுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். ரசீது கையில் இருக்கிறது. நமக்கு 'இலவசம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். இலவசமாக வாங்கியவன் எப்படிக் கேள்வி கேட்பான்? அதுதான் சூட்சுமம். இன்னொன்று, அந்த நாட்டில் கட்சிகள் காசு கொடுத்து டி.வி.யில் அரசியல் விளம்பரம் செய்யவே சட்டம் அனுமதிப்பதில்லை. இங்கே கட்சிக்கு விளம்பரம் எதற்கு? சேனலே இருக்கிறது.

'இப்போ யார் சார் கேபிள் பார்க்கிறா? எல்லாம் யூடியூப்தான்' என்று உங்கள் பையன் சொல்வான். அவனிடம் இதைச் சொல்லுங்கள். 2024 நவம்பரில் ரிலையன்ஸின் தொலைக்காட்சித் தொழிலும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாக இணைந்தன. விஜய் டி.வி. அதில்தான் இருக்கிறது. செல்போன் டேட்டாவும் வீட்டுக்கு வரும் ஃபைபர் வயரும் விற்கிற ஜியோவும் அதே ரிலையன்ஸ்தான். ஹாத்வே, டென் என்ற கேபிள் நிறுவனங்களும் அவர்கள் கையில்தான். அன்றைக்கு சேனலும் வயரும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததுதானே பிரச்னை? இன்றைக்கு அது நாடு முழுவதற்கும் நடக்கிறது. வயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆகவே, என் கட்சி இது. வயரை வைத்திருப்பவர் சேனல் வைத்திருக்கக் கூடாது. சேனல் வைத்திருப்பவர் வயர் வைத்திருக்கக் கூடாது. கட்சிக்கு இரண்டுமே கூடாது. அரசு கேபிளை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூடினால் லாபம் பெரிய முதலாளிக்குத்தான். அதை முதலமைச்சர் அலுவலகத்தின் தலையாட்டலுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள் என்கிறேன். ஊர் ஊராகப் பால் சங்கம் நடத்தத் தெரிந்த மாநிலம் இது. ஆபரேட்டர்களும் சந்தாதாரர்களும் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு கூட்டுறவு அமைப்பிடம் ஏன் கொடுக்கக் கூடாது? எந்த சேனலுக்கு எந்த எண் என்பதற்கு ஒரு எழுதப்பட்ட விதி இருக்கட்டும். ஒரு சேனலை நகர்த்தினாலோ நிறுத்தினாலோ 24 மணி நேரத்துக்குள் காரணத்தை அதே திரையில் எழுத்துமூலமாகப் போடட்டும். 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டு வார்த்தை போதாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். தானாக நடக்காது. ஆனால் உங்கள் கையில் ஒரு ஆயுதம் இருக்கிறது. அரசு கேபிள் ஓர் அரசு நிறுவனம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கட்டணம். மூன்றே கேள்வி எழுதுங்கள். என் ஊரில் எத்தனை இணைப்பு? கடந்த ஐந்து வருஷத்தில் எந்தெந்த சேனலின் எண், யார் உத்தரவில், எந்தத் தேதியில் மாற்றப்பட்டது? சேனல்களிடமிருந்து கேரேஜ் ஃபீஸாக எவ்வளவு வந்தது, அது எங்கே போனது? முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஊருக்கு ஒருவர் எழுதினால் போதும்.

தனியாரிடம் இணைப்பு வாங்கியிருந்தால் இன்னும் சுலபம். அடுத்த மாதம் காசு கட்டும்போது ஒரே ஒரு வார்த்தை கேளுங்கள்.

'ரசீது?'